முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டேன்

எங்கள் வீட்டுப் பிறந்தநாளில் கேசரி இல்லாமல் இருக்காது. கேக், பலூன், கேனபி, பஞ்சுமிட்டாய் மெஷின் என்று என்னென்னவோ வந்து சேர்ந்துவிட்டன. ஆனாலும் அன்று காலையில் என் அம்மா எழுந்து ஒரு சட்டி கேசரி கிண்டவில்லை என்றால் யாருக்கும் வயது கூடியதாகக் கணக்கில்லை. நெய்யில் முந்திரியை வறுத்து எடுத்து, அதே நெய்யில் ரவையைப் போட்டுக் கிளறும்போது எழும் வாசனைக்குப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலியோரம் வந்து, "இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள்?" என்று மலாயில் கேட்பார்.

2023இல் என் மகளுக்கு ஐந்து வயது நிறைந்தது. ஸ்கூடாயில் எங்கள் தாமான் வீட்டு வாசலில் கேனபி போட்டோம். அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் கணவருக்கோ சனியும் ஞாயிறும். ஆக, குடும்பம் முழுதாக இருப்பது சனிக்கிழமை ஒரு நாள்தான். பாலர் பள்ளிப் பிள்ளைகள், அக்கம்பக்கம், சொந்தம் எல்லாமாக முப்பது பிள்ளைகள் வந்தார்கள். மீஹூன், நகெட், வடை, கெரோப்போக், குவா கச்சாங்குடன் நூற்றைம்பது குச்சி சாத்தே.

மகளின் வகுப்புத் தோழன் ஒருவன் தன் அம்மாவுடன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தத் தங்கை சொன்னார்: "அக்கா, இவனுக்குக் கச்சானும் முந்திரியும் ஆகாது. கொஞ்சம் பார்த்துக்குங்க."

"சரிம்மா, சாத்தே பக்கம் விடாம பார்த்துக்கிறேன்" என்றேன். உள்ளே போய் அம்மாவிடமும் சொன்னேன். கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, கேக் வெட்டக் கத்தியைத் தேடப் போய்விட்டேன்.

அடுத்து நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலித் தட்டோடு அந்தப் பையன் ஓரமாக நின்றிருக்கிறான். அம்மா குலாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். லயத்து வாசலில் எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் ஒரு வாய் ஊட்டி அனுப்புகிற பழக்கம் அவருடையது. நான் சொன்னதை அவர் மறந்துவிடவில்லை. கேசரியில் இருந்த முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "இதுல ஒன்னும் இல்லய்யா, சாப்பிடு" என்று இரண்டு கரண்டி ஊட்டியிருக்கிறார்.

கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுவதற்குள் பையன் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான். உதடு தடித்தது. இருமினான். குரல் கரகரத்தது. அப்படியே வாந்தி எடுத்தான். நான் குளிர்பெட்டியில் இருந்த அலர்ஜி சிரப்பை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவன் அம்மா அவனைத் தரையில் படுக்கவைத்துக் காலுக்கடியில் சோபாத் தலையணையை வைத்திருந்தார். பையிலிருந்து தடித்த பேனா போன்ற ஒன்றை எடுத்து, கால்சட்டையின் மேலேயே தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினார். கிளிக் என்று ஒரு சத்தம். "சிரப் வேணாம்க்கா. 999 கூப்பிடுங்க" என்றார். குரல் நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கியது.

ஆம்புலன்ஸ் வந்தது. அன்றிரவு அவனை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஊசி போட்டு எல்லாம் அடங்கியதுபோல இருந்தாலும், சில மணி நேரம் கழித்து அதே தொல்லை திரும்பி வரலாம் என்று டாக்டர் சொன்னாராம். மறுநாள் பையன் நன்றாகவே வீடு திரும்பினான்.

அன்று மாலை நான் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அந்தத் தங்கை முந்திக்கொண்டார். "சாரிக்கா, உங்க பிள்ள பிறந்தநாள நாங்க கெடுத்துட்டோம். இனிமே இந்த மாதிரி விருந்துக்கெல்லாம் இவன கூட்டிட்டு வர மாட்டேன்." அதற்கு முன்பே மூன்று அழைப்புகளுக்கு ஏதேதோ காரணம் சொல்லித் தவிர்த்திருந்தாராம். என் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம், பையன் ஒரு வாரமாக அழுது கேட்டதுதான்.

என் அம்மா அடுத்த பல மாதம் எந்தப் பிள்ளைக்கும் கையால் எதையும் கொடுக்கவில்லை. என் மகளுக்குக்கூட, "நீயே எடுத்துச் சாப்பிடு" என்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முந்திரியைப் பொறுக்கி எடுத்த பிறகும் எப்படி ஆனது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். உடம்பு எதிர்ப்பது முந்திரியில் உள்ள புரதத்தை. வறுக்கும்போது அது நெய்யில் கலந்துவிடுகிறது, அந்த நெய் ரவையில் ஏறுகிறது, கரண்டியிலும் சட்டியிலும் ஒட்டுகிறது. கண்ணுக்குத் தெரிகிற முந்திரியை எடுத்துவிடலாம், சட்டி முழுக்கக் கலந்துவிட்ட முந்திரியை எப்படி எடுப்பது? கெரோப்போக் பொரித்த எண்ணெயிலேயே வடை சுட்டால், இறால் ஆகாத பிள்ளைக்கு அந்த வடையும் ஆபத்துதான். இவ்வளவு வருஷம் சமைத்தும் இதை ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

லண்டனில் 2016இல் நடந்த ஒரு சம்பவத்தைப் பிறகு படித்தேன். நடாஷா எட்னன் லப்பரூஸ் என்ற 15 வயதுப் பெண்ணுக்கு எள் ஆகாது. பிரான்சுக்கு விமானம் ஏறுமுன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டாள். எள்ளை அந்த ரொட்டியின் மாவிலேயே சேர்த்துச் சுட்டிருந்தார்கள். மேலே தூவியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். பொட்டலத்தில் எள் என்ற பேச்சே இல்லை. அவள் அப்பா இரண்டு ஊசி போட்டும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெற்றோர் விடாமல் போராடியதால், கடையிலேயே செய்து கட்டி வைக்கும் உணவிலும் எல்லாப் பொருள்களையும் எழுத வேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபரில் பிரிட்டனில் நடப்புக்கு வந்தது. அவள் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பொட்டல உணவில் கோதுமை போன்ற தானியங்கள், நிலக்கடலையும் சோயாவும் அடங்கிய கொட்டை வகைகள், மீன், பால், முட்டை இருந்தால் அதை லேபிளில் காட்ட வேண்டும். ஆனால் நம் பிறந்தநாள் விருந்தில் லேபிளோடு வருவது எத்தனை? பசார் மாலாமில் வாங்கும் குவேக்கு லேபிள் இல்லை. சாத்தேக்கு இல்லை. ஆச்சி சுட்டுக் கொடுத்த முறுக்குக்கு இல்லவே இல்லை. ஈப்போவில் புந்தோங் பக்கம் கம்போங் கச்சாங் பூத்தே என்று ஓர் இடத்துக்கே பெயர் வரும் அளவுக்குக் கடலையும் முறுக்கும் நம்மவர் தொழில். கடலையும் பக்கோடாவும் ஓமப்பொடியும் ஒரே கரண்டியால் அள்ளப்படும் அந்த மிக்சர் இல்லாமல் நமக்கு விருந்து ஏது?

லேபிள் இருந்தாலும் மலாய் தெரிந்தால் மட்டும் போதாது. 'கச்சாங்' என்றால் நிலக்கடலையும் ஆகலாம், பச்சைப்பயறும் ஆகலாம், பொதுவாகக் கொட்டை வகையும் ஆகலாம். 'கச்சாங் தானா' என்று இருந்தால் நிலக்கடலை. 'காஜுஸ்' முந்திரி. 'பீஜான்' எள். 'தெலூர்' முட்டை, 'சூசூ' பால், 'கந்தும்' கோதுமை, 'ஊடாங்' இறால். இந்தச் சொற்களையெல்லாம் எழுதி எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். சோயா சாஸில் கோதுமை இருக்கும், சம்பாலுக்குப் போடும் பெலாச்சானில் இறால் இருக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டவை.

பெரியவர்கள் பேச்சுக்கு வருகிறேன். "எங்க காலத்துல அலர்ஜியும் இல்ல, ஒன்னும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிடும்" என்று ஒரு மாமா அன்றைக்கே, ஆம்புலன்ஸ் போன கையோடு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, அவர் சொன்னதில் பாதி உண்மை. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கிடியன் லாக் குழுவினர், ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். 4 முதல் 11 மாதத்துக்குள் கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்ட குழந்தைகளில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வந்தவர்கள் மிகக் குறைவு. கடலையைத் தவிர்த்தே வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 80 விழுக்காடு குறைவு. அதுவரை தவிர்க்கச் சொல்லிவந்த டாக்டர்களே அதன் பிறகு ஆலோசனையை மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் மீதிப் பாதிதான் உயிரோடு விளையாடுவது. அந்த ஆய்வு, ஒவ்வாமை வருவதற்கு முன் தடுப்பதைப் பற்றியது. வந்துவிட்ட பிள்ளைக்கு, ஊட்டுபவர் பாட்டியே ஆனாலும், ஒரு கரண்டிகூட பரிசோதனை செய்துபார்க்கும் விஷயம் இல்லை. அது டாக்டர் கண்முன்னே நடக்க வேண்டியது. மாமாவுக்கு இதை விளக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டி ஒரு படம் பதிலாக வந்தது. ஒப்புக்கொண்டாரா, வாயை மூடு என்றாரா, இன்றுவரை தெரியாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு தகவல். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் டாக்டர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், உணவால் உயிராபத்தான ஒவ்வாமை வந்து மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்ட காரணம் கடலை அல்ல, பறவைக்கூடு. உடம்புக்கு நல்லது என்று சீனக் குடும்பங்கள் ஆசையாகக் காய்ச்சிக் கொடுக்கும் அதே பறவைக்கூடு.

இந்த ஆண்டு மகளுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறு விடுமுறை என்று ஆகிவிட்டதால் எங்கள் வீட்டுக்கும் ஒருவழியாக முழு வார இறுதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று முடிவானது. "யாரைக் கூப்பிடலாம்?" என்று மகளைக் கேட்டேன். முதல் பெயர் அவனுடையது.

இந்த முறை அழைப்பிலேயே ஒரு வரி சேர்த்தேன்: "உங்கள் பிள்ளைக்கு ஆகாத உணவு ஏதும் உண்டா? எவ்வளவு சிறிய அளவும் ஆகாதா? தயங்காமல் சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் சமைக்கப் போகிறோம்." கடைசிச் சொற்களை எழுதியதற்குக் காரணம் அந்த "சாரிக்கா" தான். ஆகாது என்று சொல்வதே பிறருக்குத் தொந்தரவு என்று நினைக்கும் தாய்மார்களிடம் நாம்தான் முதலில் கேட்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர்கள் சொன்னால், சாத்தே ஏற்கெனவே மேசைக்கு வந்திருக்கும்.

பதில்கள் வந்தன. ஒரு பெண் குழந்தைக்கு முட்டை ஆகாது. பக்கத்து வீட்டுச் சீனப் பையனுக்கு இறாலும் நண்டும் ஆகாது. ஐந்து வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. இன்னொரு பிள்ளைக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். அது செரிமானக் கோளாறு, ஒவ்வாமை வேறு என்று அவன் அம்மாவே எழுதியிருந்தார். "என் மகனுக்கு வீட்டுப்பாடம்தான் அலர்ஜி" என்று ஓர் அப்பா.

வெளியே சமையலுக்குச் சொல்லலாமா என்று ஒருவரிடம் பேசினேன். "கச்சான் போட மாட்டோம்" என்றார் உடனே. "பொரிக்கிற எண்ணெய் புதுசா? அதே சட்டியில முன்னாடி என்ன பொரிப்பீங்க?" என்று கேட்டதும் அமைதியாகிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளில் நான்கு விருந்துக்குச் சமைப்பவரிடம் தனிச் சட்டி எங்கே இருக்கும்? வீட்டிலேயே சமைப்பது என்று முடிவு செய்தோம். பட்டியல் சுருங்கியது. சோறு, கோழிப் பொரியல், உருளைக்கிழங்கு, இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும், தர்பூசணி. சாத்தே இல்லை. மிக்சர் இல்லை. கெரோப்போக் இல்லை. 'அலர்ஜிக்காரர் மேசை' என்று தனியாக ஒன்று போடலாம் என்றார் என் கணவர். எனக்கு அதில் மனமில்லை. முப்பது பிள்ளைகள் ஓடும் இடத்தில் இந்த மேசைக் கரண்டி அந்த மேசைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அதோடு, பிறந்தநாள் வீட்டில் ஒரு பிள்ளையை ஓரமாக உட்காரவைப்பதற்கு அவனைக் கூப்பிடாமலே இருந்துவிடலாம்.

முட்டைதான் சிக்கல். கேக்கில் முட்டை உண்டு. அந்தக் குழந்தையின் அம்மாவே, "நான் அவளுக்கு ஒரு கப் கேக் செஞ்சு கொண்டு வர்றேன், அதே மாதிரி ரோஸ் கலர் க்ரீம் போட்டு" என்றார். எங்கள் கேக்கைக் கடைசியில், தனிக் கத்தியோடு, உட்கார்ந்து சாப்பிடும்படி கொடுப்பது என்று ஏற்பாடு. வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் லேபிளையும் படம் எடுத்துப் பையனின் அம்மாவுக்கு அனுப்பினேன். காலி உறைகளை விருந்து முடியும்வரை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன், யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில் மிட்டாய்க்குப் பதில் பென்சிலும் சோப்புக் குமிழி ஊதும் புட்டியும். வாசலில் சோப்பும் தண்ணீரும். கொரோனா காலத்துப் பழக்கத்தில் ஹேண்ட் சானிட்டைசர் வைக்கப் பார்த்தேன். அது கிருமியைக் கொல்லுமே தவிர, கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை நீக்காது என்று பையனின் அம்மா சொன்னார்.

விருந்துக்கு முதல் நாள் அவர் ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றைக் கொண்டுவந்து எனக்கும் என் கணவருக்கும் சொல்லிக்கொடுத்தார். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சோ குரலோ மாறினால், வாந்தியும் சேர்ந்தால், யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. முதலில் ஊசி, உடனே 999. பிள்ளையை நடக்கவிடக்கூடாது, படுக்கவைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். சிரப் அரிப்புக்கு உதவும், அடைபடும் தொண்டையைத் திறக்காது. என் அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "எனக்கும் ஒருக்கா காட்டும்மா" என்றார். மூன்று முறை தன் தொடையிலேயே அழுத்திப் பார்த்தார்.

கேசரி வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னார். பையனின் அம்மாதான் விடவில்லை. "பாட்டி, முந்திரி இல்லாம செய்யுங்க, நானும் வந்து நிக்கிறேன்." புது நெய், புது ரவை, நன்றாகக் கழுவிய எவர்சில்வர் சட்டி. மரக் கரண்டி வேண்டாம், பழைய எண்ணெய் ஊறியிருக்கும் என்று புதுக் கரண்டி. திராட்சையில் மாட்டிக்கொண்டோம். பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில், கச்சாங் கலந்திருக்கலாம் என்று இருந்தது. முந்திரியும் இல்லை, திராட்சையும் இல்லை என்றால் அது கேசரியா, உப்புமாவா என்று அம்மாவுக்குக் கவலை. என் கணவர் பொந்தியான் பக்கம் பெக்கான் நானாசில் வாங்கி வந்த அன்னாசி இரண்டு கிடந்தது. அன்னாசி அந்தப் பையனுக்குப் பழக்கமானதுதான் என்று கேட்டுக்கொண்டு, பொடியாக நறுக்கிச் சர்க்கரையில் வேகவைத்துப் போட்டார்.

விருந்தன்று சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தட்டோடு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், "கை கழுவினியா? அம்மாவக் கேட்டியா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் கரண்டி நகரும். கையில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயோடு வந்த அந்த மாமாவைக்கூட விடவில்லை. "அத கார்லயே வச்சிட்டு, கையக் கழுவிட்டு வாங்க தம்பி." மாமா ஒன்றும் பேசாமல் காருக்குத் திரும்பிப் போனார்.

பையன் வந்து நின்றான். இப்போது உயரமாகிவிட்டான், முன் பல் ஒன்று இல்லை. தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையசைத்தார். என் அம்மா ஒரு கரண்டி கேசரி எடுத்துத் தட்டில் வைத்தார், ஊட்டவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிரே நின்றிருந்த எனக்கும் மூச்சு சரியாக வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவன் தட்டை வழித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"பாட்டி, அன்னாசி நெறைய இருக்கிற பக்கமா போடுங்க."